பின்முனையில் தேடப்படும் தீர்வு

அமெரிக்காவில் ஏஆர்-15 வகை அரைத் தானியங்கி ரைஃபிள் வைத்திருப்போரிடையே, தோள்கட்டைக்குள் இருக்கும் பஃபரையும் மீள்வில்லையும் மாற்றி மாற்றிப் பொருத்தித் துப்பாக்கியைப் 'பதப்படுத்துவது' தேர்ச்சியின் அடையாளமாகக் கருதப்படுகிறது. சுடும்போது எழும் வெடிவாயுவில் ஒரு பகுதி குழலிலுள்ள சிறு துளை வழியாகப் பிரிந்து, மெல்லிய குழாயில் திரும்பி வந்து போல்ட் தொகுதியைப் பின்தள்ளுகிறது. அதனோடு சேர்ந்து ஓடி வில்லை அமுக்கும் எடை உருளையே பஃபர். அமுங்கிய வில் மீண்டும் விரியும்போது போல்ட் முன்னேறிப் புதிய தோட்டாவை அறைக்குள் ஏற்றுகிறது. இந்த ஓட்டம் மிகுவேகமாக இருந்தால் பஃபரின் எடையைக் கூட்டுவதும், அதுவும் போதாதெனில் வில்லின் விறைப்பைக் கூட்டுவதும் இன்றைய வழக்கமான அறிவுரை.

இவ்வழக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. பஃபர் மலிவானது, ஒரு நிமிடத்தில் மாற்றக்கூடியது, பிடிக்காவிட்டால் பழையதையே திரும்பப் போட்டுக்கொள்ளலாம். தேய்ந்த வில்லை மாற்றுவது பராமரிப்பின் பாற்பட்டது. குறுகிய குழலுடைய கார்பைன் வகையில் தளர்நிலை நீளம் ஏறத்தாழ 10 அங்குலத்துக்குக் கீழே சுருங்கிய வில்லைத் தூக்கியெறிய வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது. சற்றே நீண்ட பஃபர் குழாயில் முழுநீள ரைஃபிளின் வில்லைப் பயன்படுத்தும் 'ஏ5' அமைப்பு கார்பைனின் ஓட்டத்தை மென்மையாக்குகிறது என்பதும் உண்மையே.

ஆயினும் பஃபர் எடையை அடிப்படைத் தீர்வாகக் கொள்வோர், நோய் பிறக்கும் இடத்தை விட்டு அது வெளித்தெரியும் இடத்தில் மருந்து பூசுகிறார்கள். வேகம் பிறப்பது வாயுத்துளையில். அமெரிக்க இராணுவத்தின் எம்4 கார்பைனின் துளை ஏறத்தாழ 0.062 அங்குல விட்டமுடையது. சந்தைக் கார்பைன் ஒன்றில் அது 0.080 அங்குலமாகத் துளைக்கப்பட்டிருந்தால், துளையின் பரப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. இதற்கு எதிரே பஃபரால் என்ன செய்ய முடியும்? சாதாரணக் கார்பைன் பஃபர் சுமார் 85 கிராம். அதன் மூன்று எஃகு எடைகளுக்கும் பதிலாக டங்ஸ்டன் இட்ட எச்3 பஃபர் சுமார் 155 கிராம். போல்ட் தொகுதியின் 325 கிராமையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓடும் மொத்த எடை 410 கிராமிலிருந்து 480 கிராமாகிறது. ஒரே உந்தத்துக்கு வேகம் ஆறில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. மூன்று எடைகளையும் டங்ஸ்டனாக மாற்றிய பின்னரும் நிலைமை இதுதான். விறைப்பான வில் தரும் பயன் இதனினும் அற்பமானது. பூட்டு திறக்கத் தொடங்கும் நொடியில் வாயுவின் விசைக்கு முன் வில்லின் விசை ஒரு பொருட்டே அன்று. சுட்ட தோட்டாவின் உறை இன்னும் அறைச்சுவரை அழுத்திக்கொண்டிருக்கையில் பிடுங்கப்படுவதையும், பிடுங்கியின் கொக்கி தேய்வதையும் அது தடுப்பதில்லை. முன்னோட்டத்தின்போதோ அவ்வில் போல்ட்டை முன்னிலும் வேகமாக அடித்து மூடச் செய்கிறது.

இதற்கு எதிராக எடுத்துக்காட்டப்படுவது இராணுவ முன்னுதாரணம். வியட்நாம் போரில் ஏஆர்-15இன் இராணுவ வடிவமான எம்16 சிக்கலுக்கு உள்ளானபோது 1966-67 காலத்தில் அமெரிக்க இராணுவமே பஃபரைத்தானே மாற்றியது என்று கேட்கிறார்கள். அந்த வரலாறு இவ்வாதத்துக்கு எதிரான சாட்சி. யூஜின் ஸ்டோனரின் வடிவமைப்பு ஒரு வகை வெடிமருந்தை நம்பி உருவானது; பின்னர் உருண்டை மருந்து புகுத்தப்பட்டதால் சுடும் வேகம் உயர்ந்து கோளாறுகள் பெருகின. உள்ளே நகரும் எடைகளைக் கொண்ட புதிய பஃபர் அந்த வேகத்தைத் தணித்தது. மூடிய போல்ட் துள்ளித் திரும்புவதையும் அடக்கியது. ஆனால் 1967இல் அறிக்கையளித்த இகார்ட் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழுவின் கண்டனம் வெடிமருந்து மாற்றத்தின் மீதே விழுந்தது; துருவேறிய அறையில் உறை சிக்கிக்கொள்ளும் கொடுமைக்கு அறையில் குரோம் பூச்சு வேண்டியிருந்தது. தவறான முடிவொன்றின் பின்விளைவைச் சமாளிக்கவே பஃபர் வந்தது. அதை வடிவமைப்பின் மேன்மைக்குச் சான்றாக்குவது நேர்மையாகாது. மேலும், போல்ட் துள்ளலை அடக்கும் பணி தொடர்ந்து சுடும் தானியங்கிக்கே உயிர்நாடி. ஒவ்வொரு குண்டுக்கும் விசையை இழுக்க வேண்டிய அரைத் தானியங்கியில், மறு இழுப்புக்குள் போல்ட் எப்போதோ அடங்கிவிடுகிறது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் எச்3 வாங்குவோர் இராணுவத்தின் நோய்க்கான மருந்தை நோயில்லாமலே உட்கொள்கிறார்கள்.

தேர்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுவது இதைவிட நகைப்புக்குரியது. வெற்றுறை எந்தத் திசையில் விழுகிறது என்பதைக் கடிகார முள்ளின் நிலையோடு ஒப்பிட்டு, மூன்றுக்கும் நான்குக்கும் இடையே விழுந்தால் எடை பொருந்திவிட்டதாகத் தீர்ப்பளிக்கிறார்கள். உறையின் திசையோ வெளித்தள்ளி வில்லின் வலிமை, பிடுங்கியின் இறுக்கம், உறை மோதித் திரும்பும் மேட்டின் வடிவம் ஆகியவற்றாலும் மாறும். இந்த அளவுகோலால் கோடைப் பிற்பகலில் ஒரே வகைத் தோட்டாவைக் கொண்டு பதப்படுத்திய துப்பாக்கி, பனிக்காலத்தில் அழுத்தம் குறைந்த மலிவுத் தோட்டாவுக்குப் பாதிவழி ஓடி நின்றுவிடக்கூடும். இராணுவ வடிவமைப்பு வெப்பம், குளிர், அழுக்கு அனைத்துக்கும் இடம்விட்டு வைத்திருந்த உபரி ஆற்றலைத்தான், மென்மையான உதைப்பு என்ற பெயரில், ஆர்வலர் சுரண்டிக் கரைக்கிறார். அந்த உதைப்பும் குண்டும் வாயுவும் முன்செல்லும் உந்தத்தால் தீர்மானிக்கப்படுவது. பஃபர் அதை நேரத்தில் பரப்புமே தவிர மொத்தத்தில் குறைப்பதில்லை. ஒலியடக்கி பொருத்தும்போது வாயு மேலும் அதிகமாகத் திரும்பி வருவதால் நிலைமை முற்றும் மாறிவிடுகிறது. அப்போதும் இன்னும் கனமான உருளையே பரிந்துரைக்கப்படுகிறது.

உரிய அளவில் துளையிட்ட குழலும், வாயுவின் அளவை மாற்றக்கூடிய அடைப்பானும் சந்தையில் கிடைக்காதவை அல்ல. அவற்றைப் பொருத்தத் திறனும் செலவும் வேண்டும். பஃபருக்கு இரண்டும் வேண்டியதில்லை என்பதே இவ்வழக்கத்தின் உண்மையான செல்வாக்கு. பலவீனமான தோட்டாவும் இயங்கட்டும் எனத் துளையை அகலமாக வைத்துக் குழலை விற்றுவிட்டு, அத்துளையின் அளவை அட்டைப்பெட்டியில்கூட அச்சிடாமல், அடுத்த பக்கத்தில் கன எடை பஃபரை விற்கும் வணிகத்துக்கு, வாங்குபவரே தம் கைத்திறன் என்று பெருமைகொண்டு துணைநிற்கிறார்.