மனுச்சோழனும் ஜான் ஸ்மித்தும்

திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். இளவரசன் ஊர்ந்த தேர்க்காலில் அகப்பட்டு ஒரு பசுங்கன்று மாய்கிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. மன்னன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டு முறை செய்கிறான். பெற்ற பாசத்தினும் நீதி பெரிது என்பதே அக்கதையின் உயிர். இக்கதையைத் தலைகீழாக நிறுத்தினாற்போன்ற நிகழ்ச்சியொன்று 'தி மேன் இன் தி ஹை காசில்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் அமைந்துள்ளது. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கின், நாடகத்தின் பெருமையும் குறையும் ஒருசேர விளங்கும்.

பிலிப் கே. டிக் 1962இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி, 2015 முதல் 2019 வரை நான்கு பருவங்களாக, 40 பகுதிகளில் இத்தொடர் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்றிருந்தால் உலகம் என்னவாகியிருக்கும் என்பதே கற்பனை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நாஜிகளுக்கும், மேற்குக் கரை ஜப்பானியருக்கும் உரியவாகின்றன. நடந்த வரலாற்றை மாற்றிப் புனையும் இவ்வகைக் கதையை மாற்று வரலாறு என்பர்.

முதற்பகுதியிலேயே ஒரு காட்சி நெஞ்சைத் தைக்கிறது. நெடுஞ்சாலையில் வண்டியின் சக்கரம் பழுதுற்று நிற்கும் இளைஞனுக்குக் காவலர் ஒருவர் உதவுகிறார். வானிலிருந்து சாம்பல் மெல்ல விழுகிறது. அது மருத்துவமனையிலிருந்து வருவது என்றும், செவ்வாய்க்கிழமைதோறும் ஊனமுற்றோரையும் தீராப் பிணியாளரையும் எரிப்பர் என்றும் அவர் இயல்பாகக் கூறுகிறார். அவர் தீயவராகக் காட்டப்படவில்லை. வழிப்போக்கனுக்கு உதவும் நல்லவராகவே காட்டப்படுகிறார். கொடுமை பழகிப்போனால் அது கொடுமையாகத் தோன்றாது என்பதை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

இது வெறுங்கற்பனையும் அன்று. மனித இனத்தைக் கால்நடை போலத் தேர்ந்து பெருக்கலாம் என்னும் எண்ணத்திற்கு பிரான்சிஸ் கால்டன் 1883இல் 'யூஜெனிக்ஸ்' என்று பெயரிட்டார். இனமேம்பாட்டுக் கொள்கை என்று அதனைக் கூறலாம். நாஜி அரசு 1933 ஜூலையில் இயற்றிய சட்டத்தின்படி ஏறத்தாழ 400,000 பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. பின்னர் 1940, 1941ஆம் ஆண்டுகளில் ஆறு நிலையங்களில் 70,000க்கு மேற்பட்ட நோயாளரும் ஊனமுற்றோரும் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். 1941 ஆகஸ்டில் மூன்ஸ்டர் நகர ஆயர் காலன் இதனைக் கண்டித்துப் பேசினார். அம்மாதமே வாயுக் கொலை நிறுத்தப்பட்டதாயினும், பட்டினியாலும் மருந்தாலும் கொலைகள் தொடர்ந்தன. ஆகவே நாடகத்தில் விழும் சாம்பல் உண்மையில் விழுந்த சாம்பலே.

இனி, ஜான் ஸ்மித்தின் கதைக்கு வருவோம். மூலப் புதினத்தில் இல்லாத இப்பாத்திரம் தொடருக்கென்றே படைக்கப்பட்டது. முன்பு அமெரிக்கப் படைவீரனாயிருந்து, பின் நாஜிகளின் உயர் அதிகாரியான இவன் அன்புள்ள கணவன், பரிவுள்ள தந்தை. இவன் மகன் தாமசுக்குத் தசைகள் நலியும் பரம்பரை நோய் உண்டென்று மருத்துவர் கண்டறிகிறார். சட்டப்படி அச்சிறுவன் சாகவேண்டியவன். வீட்டிலேயே அமைதியாக முடித்துவிடுமாறு தந்தையிடம் மருந்து தரப்படுகிறது. ஸ்மித்தோ அதனைக் கொண்டு மருத்துவரையே கொன்றுவிடுகிறான்.

இங்கேதான் ஒப்புமை ஒளிவிடுகிறது. சோழன் சட்டத்திற்காக மகனைத் தந்தான். ஸ்மித் மகனுக்காகச் சட்டத்தை மீறினான். மேலோட்டமாகப் பார்ப்பின் சோழன் கொடியவன், ஸ்மித் அன்புடையவன் என்றே தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் உண்மை வேறு. சோழனது நீதி பேசாத கன்றின் உயிரையும் அரசிளங்குமரன் உயிரையும் ஒன்றாக மதிப்பது, வலியற்றவனுக்கு அரணாவது. ஸ்மித்தின் சட்டம் வலியற்றவனையே கொல்வது. அச்சட்டம் தீது என்று அவன் உணர்ந்தானா எனின், இல்லை. தன் மகனுக்கு மட்டும் அது கூடாது என்றே எண்ணினான். செவ்வாய்க்கிழமைச் சாம்பலில் கலந்த பிறர் மக்களுக்காக அவன் கண் கலங்கவில்லை. தன்பிள்ளைப் பாசம் அறமாகாது. பிறர் பிள்ளைக்கும் அது நீளும்போதே அறமாகும். ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை நன்கு சிந்தித்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் மேலும் நடுங்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. இரண்டாம் பருவத்தின் முடிவில், தன் நோயை அறிந்த தாமஸ் தானே அதிகாரிகளை வரவழைத்து, தாய் கதறக் கதற, அவர்களுடன் போய்விடுகிறான். தந்தை வஞ்சனையால் காத்த உயிரை மகன் கடமை என்றெண்ணி ஒப்படைக்கிறான். ஏன்? அவன் பள்ளியின் நன்மாணாக்கன். பயனற்ற உயிர் நாட்டுக்குச் சுமை என்று கற்பிக்கப்பட்டதை ஐயமின்றி நம்பினான். நாஜி ஜெர்மனியின் கணக்குப் பாடநூல்களில், ஊனமுற்றோரைப் பேண அரசுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும் வினாக்கள் மெய்யாகவே இடம்பெற்றிருந்தன. கூட்டலும் பெருக்கலும் பிழையின்றிச் செய்த குழந்தையின் உள்ளத்தில் கொலை குடிபுகுந்தது. கல்வி கெட்டால் அது கல்லாமையினும் கொடிது என்பதற்குத் தாமசின் முடிவே சான்று.

குறையும் உண்டு. மாற்று வரலாறு என்னும் உத்தி, தீமையெல்லாம் வென்றவன் கொண்டுவந்தது என்னும் மயக்கத்தைக் காண்போருக்குத் தரக்கூடும். உண்மையில், கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907இலேயே இயற்றியது. 1927இல் வர்ஜீனியா மாநிலச் சட்டம் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 60,000க்கு மேற்பட்டோர் அங்குக் கருத்தடைக்கு ஆளாயினர். போரில் தோற்காத நாட்டிலேயே வேர் இருந்தது. இதனை நாடகம் அழுத்திக் கூறியிருப்பின் அதன் வலிமை பன்மடங்காகியிருக்கும்.

நமக்கு அண்மையிலும் ஒரு செய்தி உண்டு. பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டம் சிங்கப்பூரில் 1984இல் நடைமுறைக்கு வந்து, மக்களின் அதிருப்தியால் 1985இல் கைவிடப்பட்டது. இதனைக் கொலைச் சட்டத்தோடு நிறுத்துப் பேசுதல் நடுவுநிலை ஆகாது. ஆயினும், பெற்றோரைக் கொண்டு பிள்ளையை அளக்கும் எண்ணம் எங்கும் முளைக்கக்கூடும் என்பதை அது நினைவூட்டும்.

பெரியபுராணத்தில் இறைவன் அருளால் கன்றும் எழுகிறது, மகனும் எழுகிறான். நாடகத்தின் இறுதிப் பருவத்தில் ஸ்மித் வேறோர் உலகிற்குச் சென்று, அங்கே உயிரோடிருக்கும் தாமசைக் காண்கிறான். இவ்வித்தை முன்னைய அவலத்தின் கூர்மையைச் சற்றே மழுக்குகிறது எனலாம். ஆனால் கதாசிரியர்கள் ஒன்றில் வழுவவில்லை. மகனை இழந்து, மீண்டும் கண்ட பின்னும் ஸ்மித் திருந்தவில்லை. மேற்குக் கரை மக்களை அழிக்க முகாம்கள் அமைக்கத் திட்டமிடுகிறான். அவன் மனைவி அத்திட்டத்தைக் கண்டு அவனைக் கைவிடுகிறாள். முடிவில் தன்னைத் தானே சுட்டு மாய்கிறான். புராணத்தில் மகனோடு கன்றும் எழுந்தது. ஸ்மித் தேடியதோ மகனை மட்டுமே. கன்றை நினையாத தந்தைக்கு மகனும் நிலைக்கவில்லை.

வகுப்பில் பின்தங்கிய மாணவனை, 'இவனால் என்ன பயன்?' என்று கேட்க நா எழும் ஒவ்வொரு வேளையும் அந்தச் சாம்பல் நினைவுக்கு வருதல் வேண்டும். அவ்வினாவே அக்கொடுமையின் முதற்படி. மணியடிக்கும் பசு எந்தப் பள்ளி வாயிலிலும் நிற்கலாம். செவி கொடுப்பதே கற்றோர் கடன்.