தாக்கம் இருக்கிறதா, இல்லையா?

நீங்கள் விருத்தாசலத்துக்காரர், ஜர்னலிசத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்முகம் 30 சதவீதம் என்று யு.ஜி.சி. 2024-ல் கணக்கை மாற்றியது. அந்த முப்பதில்தான் உங்கள் சினாப்ஸிஸ் மாட்டிக்கொள்ளும்.

என்ன எழுதியிருப்பீர்கள் என்று ஓரளவு யூகிக்க முடிகிறது. 'கடலூர் மாவட்டக் கல்லூரி மாணவர்களிடையே சமூக ஊடகங்களின் தாக்கம்.' முந்நூறு பேரிடம் கேள்வித்தாள். 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'அறவே மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். கடைசியில் கண்டுபிடிப்பு: தாக்கம் இருக்கிறது. இதற்கு எதுக்குங்க மூன்று வருஷம்?

அதற்கு முன் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ் சினிமாவை அரசியல் தகவல்தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து 1981-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஒல்லிப் புத்தகத்தைத் தேடிப் படியுங்கள். பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்ஸனிடம் பழந்தமிழ் நாடகத்தை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர், சினிமாக் கொட்டகைக்குள் வந்து ஒரு விஷயத்தைக் கவனித்தார்: தமிழர்கள் அத்தனை பேரும் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த இடம் இதுதான். எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு சொல்லவில்லை, டிக்கெட் சொன்னது. கோயில் கச்சேரியையும் பெரிய வீட்டுச் சதிரையும் நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

எனக்கு இதில் பாதி சம்மதம்தான். தரை டிக்கெட்டுக்கும் சேர் டிக்கெட்டுக்கும் நடுவில் இருந்த அணாக்கள் யார் மடியில் இருந்தன? நிலம் வைத்திருந்தவர் மடியில். நிலம் யாரிடம் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டூரிங் டாக்கீஸ் மணலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே குட்டைச்சுவர் வேறு. கூரை ஒன்றுதான்; வரிசை ஒன்றல்ல. ஆனாலும் சண்டை போட இடம் தருகிற வாக்கியம் அது. 'தாக்கம் இருக்கிறது' என்பவரோடு என்னத்தைச் சண்டை போட?

உங்கள் ஊரிலேயே விஷயம் கிடக்கிறது. அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்தில் சூளை பற்றி டிப்ளமோ பாடமே உண்டு. பக்கத்துப் பட்டறையில் பொம்மை சுடுகிறவர் அதே வித்தையை எந்தப் புத்தகத்தில் படித்தார்? பார்த்தா, கேட்டா, திட்டு வாங்கியா? பயிலகத்துப் பாடம் பட்டறைக்குப் போகிறதா, பட்டறை அனுபவம் பயிலகத்துக்கு வருகிறதா?

நேர்முகத்தில் ஒரு பேராசிரியர், "தம்பி, இது கெமிஸ்ட்ரி ஆச்சே, கம்யூனிகேஷன் எங்கே?" என்பார். பதறாதீர்கள். 1943-ல் ரையன், கிராஸ் என்ற இருவர் அமெரிக்காவின் அயோவாவில் வீரிய மக்காச்சோளம் எப்படிப் பரவியது என்று ஆராய்ந்தார்கள். விதையைப் பற்றி விவசாயிகளுக்கு முதலில் சொன்னவர்கள் விற்பனையாளர்கள். நம்பி விதைக்க வைத்தவர்கள் பக்கத்து வயல்காரர்கள். எவரெட் ரோஜர்ஸ் 1962-ல் எழுதிய புத்தகத்துக்கு இது ஒரு முக்கிய அஸ்திவாரம். கம்யூனிகேஷன் வகுப்புகளில் அந்தப் புத்தகம் இன்றும் பாடம்.

சோளம் செல்லுமென்றால் பீங்கான் ஏன் செல்லாது என்று பணிவாகக் கேளுங்கள் சார்.