சுருங்கும் நகரங்களும் இடிப்பு மானியமும்

ஊர் வளரும் என்று நம்பித்தான் நகரத் திட்டங்கள் வரையப்படுகின்றன. ஆட்கள் குறையும் ஊரில் அதே நம்பிக்கை பெரும் நாசத்தில் முடியலாம். ஜப்பானின் யூபாரி நிலக்கரியால் பிழைத்த நகரம். 1960-இல் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1990-இல் கடைசிச் சுரங்கமும் நின்றது. நகராட்சியோ கேளிக்கைப் பூங்கா, அருங்காட்சியகம், பனிச்சறுக்கு விடுதி என்று கடன் வாங்கிச் செலவழித்து, 2007-இல் சுமார் 3,500 கோடி யென் கடனோடு திவாலானது. போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டு, இருப்பவர்களுக்கு ஏற்ற அளவில் ஊரைத் திட்டமிடுவதே நேர்மையான வழி. சுருக்கத் திட்டமிடலின் பெரிய பலம் இந்த நேர்மைதான்.

ஒப்புக்கொண்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் 1989-இல் 5,30,000 பேர் இருந்தார்கள். இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் ஆலைகள் மூடப்பட, இளைஞர்கள் மேற்கே போக, 1998-இல் அது 4,37,000 ஆகச் சரிந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீடு காலி. 2002-இல் வந்த அரசுத் திட்டம் வீடுகளை இடிக்கச் சதுர மீட்டர் கணக்கில் மானியம் தந்தது. காலி வீடுகள் 15 சதவீதத்தைத் தாண்டிய வீட்டுவசதி நிறுவனங்களுக்கு இன்னொரு சலுகையும் இருந்தது: இடித்த பரப்புக்கு ஏற்பப் பழைய ஆட்சிக் காலக் கடன் தள்ளுபடி. கடனில் தத்தளிக்கும் நிறுவனம் வேறு எதைத் தேர்ந்தெடுக்கும்? பழைய வீதிகளைச் சீர்படுத்தவும் அதே திட்டத்தில் பணம் இருந்தது உண்மை. ஆனால் கடனையும் சேர்த்துத் தீர்த்தது இடிப்புதான். அதே நகரில் 2004-இல் பிறந்த ‘காவல் வீடு’ ஏற்பாட்டைப் பாருங்கள். பாழாகும் நிலையிலிருந்த பழைய கட்டடங்களில் கலைஞர்களையும் சிறு அமைப்புகளையும் சில ஆண்டுகளுக்குக் குடிவைத்தார்கள். வாடகை கிடையாது, தண்ணீர், மின்சாரம் போன்ற செலவு மட்டும் அவர்களுடையது. ஆள் புழங்கும் வீட்டில் கூரை ஒழுகினால் உடனே தெரியும். குளிரில் குழாய் வெடித்தால் யாராவது ஓடிப்போய் அடைப்பார்கள். பின்னர் லைப்சிக் மறுபடி வளர்ந்தது. இன்று அங்கே 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். வாடகை ஏறி, வீடு கிடைப்பதே அரிதாகிவிட்டது. நிற்கவைத்த கட்டடங்களில் மக்கள் குடியேற முடிந்தது. இடித்தவற்றை மறுபடி கட்டுவதற்கோ பன்மடங்கு செலவாகும்.

லைப்சிக் விதிவிலக்கு என்று மறுப்பவர்கள் உண்டு. அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. 1950-இல் 18.5 லட்சம் பேர் இருந்த அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2020-இல் 6.4 லட்சம் பேர்தான். தீப்பிடித்துக் கருகிய வீட்டுக்கு அடுத்த வீட்டில் பிள்ளைகளோடு இருப்பவரிடம் பொறுத்திருக்கச் சொல்வது கொடுமை. அதை இடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஆபத்தான வீட்டை அகற்றுவது வேறு, எண்ணிக்கையைக் குறைப்பதையே இலக்காக வைத்து மானியம் கொடுப்பது வேறு. மேலும், மீளவே மீளாத ஊர்களில் முதன்மையான கேள்வி கட்டடத்தைப் பற்றியதல்ல, அங்கே எஞ்சியிருப்பவர்களைப் பற்றியது. திவாலுக்குப் பின் யூபாரியில் பள்ளிகள் இணைக்கப்பட்டன. 171 படுக்கைகள் கொண்ட நகர மருத்துவமனை 19 படுக்கை மருத்துவகமாகச் சுருங்கியது. கடன்காரருக்குக் கணக்கு நேரானது, முதியவர்கள் நிறைந்த ஊருக்கு மருத்துவம் தொலைவானது. அதே நகரம் மயாச்சி பகுதியில் வேறுவிதமாக நடந்துகொண்டது. பல அடுக்குமாடிகளில் சிதறிக் கிடந்த குடும்பங்களை, அவர்களோடு பேசி, அதே குடியிருப்புக்குள்ளேயே சில கட்டடங்களுக்கு மாற்றியது. அக்கம்பக்கத்தார் மாறவில்லை. பராமரிக்க வேண்டிய கட்டடங்கள் மட்டும் குறைந்தன.

சுருக்கத் திட்டம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இடிப்புக்குத் தரும் சலுகையில் ஒரு காசு குறையாமல் கட்டடங்களை நிற்கவைத்துக் காப்பதற்கும் தர வேண்டும். மருத்துவமனையும் பேருந்தும் எங்கே என்று முடிவான பிறகே எந்தத் தெருவைக் கைவிடுவது என்ற பேச்சு தொடங்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத திட்டத்தை எந்த நகர மன்றமும் ஏற்கக் கூடாது.