பள்ளிவாசலும் பரங்கித் தூரிகையும்

வட இந்தியாவின் பள்ளிவாசல்களையும் அடக்கத்தலங்களையும் நிலக்காட்சியாகத் தீட்டும் ஐரோப்பிய மரபு, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி பரவிய வழியிலேயே வளர்ந்தது. படை போன பாதையில் ஓவியரும் போனார். அம்மரபில் நான்கு போக்குகள் தெரிகின்றன.

முதலாவது, வில்லியம் ஹாட்ஜஸின் போக்கு. கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் ஓவியராகச் சென்றவர் இவர். 1780இல் சென்னையில் இறங்கியபோது ஹைதர் அலியுடன் போர் மூண்டதால் உள்நாடு செல்ல வழியில்லை. வங்கம் சென்று வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆதரவு கிடைத்த பிறகே அவர் கை ஓடியது. சுனார் பள்ளிவாசலின் வாயில், சசாராமில் ஷேர்ஷா அடக்கத்தலம், சிக்கந்தராவில் அக்பர் அடக்கத்தலம் என எதையும் ஒளியும் நிழலுமாகவே கண்டார். வானமும் வெயிலும் உயிரோடு இருக்கும், கல்வேலைப்பாடு மங்கிவிடும்.

இரண்டாவது, தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் ஆகியோரின் போக்கு. 1786இல் கல்கத்தா வந்த இவர்கள் ஹாட்ஜஸின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடங்களுக்குப் போய் ஒப்பிட்டார்கள். காட்சியைத் தாளில் விழச்செய்யும் 'கேமரா அப்ஸ்கியுரா' பெட்டியின் துணையால் கோடு பிசகவில்லை. 1795 முதல் 1808 வரை வெளிவந்த 'ஓரியண்டல் சீனரி'யின் 144 அச்சோவியங்களில் தில்லி ஜும்ஆ மசூதியின் கிழக்கு வாசலும் உண்டு. குவிமாடம், மினாரா, படிக்கட்டு எல்லாம் அளவு மாறாமல் நிற்கும். ஆனால் மனிதர்கள் பெரும்பாலும் கட்டடத்தின் உயரத்தைக் காட்டவே வருகிறார்கள்.

மூன்றாவது, ஐரோப்பியரின் நீர்வண்ண முறையையும் தொலைவுக்கணக்கையும் கற்று, அவர்களுக்காகவே வரைந்த தில்லி, ஆக்ராவின் 'கம்பெனி ஓவியர்கள்'. முன்புறத்தில் மரமும் மாடும் வைத்து அழகு கூட்டுவது இவர்களுக்குப் பெரிதல்ல. சலவைக்கல்லில் பதித்த பூ ஒவ்வொன்றும் இதழ் இதழாகத் துலங்க வேண்டும். ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மெட்காஃபின் 1844ஆம் ஆண்டுத் தில்லி ஏட்டுக்கு வரைந்த மஸ்ஹர் அலி கான் இவர்களில் தலையானவர். பலருடைய பெயர் தாளில் இல்லை.

நான்காவது, ரஷ்ய ஓவியர் வாசிலி வெரெஷ்சாகின். 1874 முதல் 1876 வரை இந்தியாவில் சுற்றியவர். தில்லி மோத்தி மசூதியைத் தீட்டிய பேரோவியத்தில் தொழுவோரை நடுநாயகமாக வைத்தார். அப்போது அம்மசூதி நிற்கும் செங்கோட்டை ஆங்கிலப் படையின் கையில் இருந்தது.

இவர்களை எந்த அளவுகோலால் மதிப்பது? ஒளிக்கு ஹாட்ஜஸ், அளவுக்கு டேனியல்கள், தொழுகைக்கு வெரெஷ்சாகின் என்று பிரித்துக் கொடுப்பது எளிது. காலம் வேறோர் அளவுகோலைச் சேர்த்தது. 1857 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் ஜும்ஆ மசூதியைப் பறித்து 1862இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அக்பராபாதி மசூதியை இடித்தார்கள். செங்கோட்டையின் உள்மாளிகைகளில் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். 1846இல் கோட்டையின் லாகூர் வாயில் மீதிருந்து மஸ்ஹர் அலி கான் வரைந்த தில்லி முழுக்காட்சி, அழிவுக்கு முந்தைய நகரின் சாட்சியாக இன்று நிற்கிறது.

கற்பனை குறைந்த நகல்வேலை என்று ஒதுக்கப்பட்டது கம்பெனி ஓவியர்களின் போக்கு. சாட்சியம் என்ற அளவுகோலில் இதற்கே முதலிடம். ஹாட்ஜஸும் டேனியல்களும் எழுதப்படும் கலை வரலாற்றில் மஸ்ஹர் அலி கானின் பெயரும் அதே வரிசையில் எழுதப்பட வேண்டும்.