சமயமாற்றத்துக்கு முன் ஒலித்த குரல்

கொட்டாஞ்சேனையிற் கோயில் நாகசுரமும் தேவாலய மணியும் அடுத்தடுத்துக் கேட்பார்க்குச் சமயமாற்றம் புதுச் செய்தியன்று. ஆயினும், சமயம் மாறிய பாவலர் ஒருவரின் முன்னைநிலையை அறியத் தமிழ் மரபிற் கிடைக்குஞ் சான்று மிகச் சிறிது. திருநாவுக்கரசர் சமணத்திலே தருமசேனராய் விளங்கிய காலத்துப் பாடல் ஒன்றேனும் கிடைத்திலது. அக்காலத்தை அவர் பின்னாளில் நொந்துரைக்கும் இடங்கள் கொண்டும், சேக்கிழார் வாக்குக் கொண்டுமே உய்த்துணர வேண்டியுள்ளது. கழிந்த வாழ்வுக்கு அதனைக் கழித்தவரே சாட்சியாகின்றார். அச்சாட்சி மெய்ம்மை நிரம்பியதேயாயினும் ஒருபாற் சாட்சியே.

ஒலிப்பதிவு தோன்றிய நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. 2016ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பாடகர் பொப் டிலன் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. யூதக் குடும்பத்தில் 1941இற் பிறந்த அவர், 1978ஆம் ஆண்டின் இறுதியையொட்டிக் கிறித்தவத்தின்பாற் சென்றார். 1979இல் வெளிவந்த இசைத்தட்டு அதனை உலகறியச் செய்தது. அவருடைய இளமைக்கால மேடைப் பதிவுகளோ இன்று எவரும் கேட்கக் கிடைக்கின்றன.

அவற்றில் விவிலியப் பெயர் வருந்தோறும், பின்னைய மாற்றத்துக்கு அது முன்னறிகுறியென்று கொள்வாருளர். இது பொருந்தாது. 1963 ஒக்டோபரில் நியூயோர்க் கானெகி மண்டபத்திற் பாடிய கப்பற் பாடலிற் பார்வோனும் கோலியாத்தும் வீழ்கின்றனர்; அவர்கள் அக்காலத்து அதிகாரத்தின் உருவங்களேயன்றி வேறல்லர். அமெரிக்க நாட்டுப்பாடலிலும் கறுப்பின மக்களின் வழிபாட்டுப் பாடலிலும் விவிலியம் பொதுச்சொத்து. நம்பாதவனும் அதனை எடுத்தாளலாம். வைணவராய்ப் பிறந்து 1858இற் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகத்திற் கம்பன் நடையைக் கைவிட்டாரல்லர். அந்நடை கொண்டு அவரை வைணவரென்பார் உளரோ?

இப்பதிவுகளுள் தலையாயது 1964 ஒக்டோபர் 31ஆம் நாள் நியூயோர்க் பில்ஹார்மோனிக் மண்டபத்து நிகழ்ந்த கச்சேரி. 2004இலேயே அது முறையாக வெளியிடப்பட்டது. பாடகர்க்கு வயது 23. கையிற் கிற்றார், கழுத்தில் ஆர்மோனிக்கா, பக்கவாத்தியம் வேறில்லை. குரலினிமையை நாடுவார்க்கு ஏமாற்றமே எஞ்சும். ஆனால் அவையோடு அவர் கொண்ட உறவு வியக்கத்தக்கது. ஒரு பாடலின் தொடக்கத்தை மறந்துபோய் அவையோரையே வினவுகின்றார். அவர்கள் சிரித்துக்கொண்டு எடுத்துக்கொடுக்கின்றனர். வெள்ளவத்தைச் சபையொன்றில் வித்துவான் இங்ஙனஞ் செய்யின் ஒரு மாதத்துக்கு அதுவே பேச்சாயிருக்கும்!

அன்று ஜோன் பயஸ் என்னும் பாடகியாருடன் இணைந்து பாடியவற்றுள் ஒன்று, கடவுள் தம் பக்கமென்று சொல்லிக்கொண்டே நாடுகள் போர் புரிவதை எள்ளும் பாடல். 1963 ஏப்ரலில் முதன்முதல் மேடையேறியது அது. அதன்கண் யூதாசு வருகின்றான். இயேசுவைக் காட்டிக்கொடுத்த அவன் பக்கமும் கடவுள் இருந்தாரோ என்பது வினா. விடையைப் பாடகர் கூறுகின்றிலர். நீங்களே தீர்மானியுங்களென்று கேட்போரிடம் விட்டுவிடுகின்றார். நம்பிக்கையுடையோன் இதனை நிந்தையென்னலாம், நம்பிக்கையற்றோன் அங்கதமென்னலாம். இரண்டுக்கும் இடந்தருவதே அப்பாடலின் வலிமை.

1966 மே 17ஆம் நாள் மன்செஸ்ரர் நகரில் அவ்வினா அவர் மேலேயே திரும்பிற்று. மின்கிற்றாரும் குழுவுமாக வந்தவரைக் கண்டு, நாட்டுப்பாடலைக் காட்டிக்கொடுத்தாரென்று வெகுண்ட ஒருவர், “யூதாசே!” என அவையிலிருந்து கூவினார். அக்கூவல் ஒலிநாடாவிற் பதிந்துள்ளது. இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்துப் பதிவென நெடுங்காலம் பிழையாக வழங்கி, 1998இல் முறையாக வெளிவந்தது அது. கூவலுக்குப் பின் எழும் பாடலின் முழக்கத்திற் சினமுண்டு, ஆனால் உபதேசமில்லை.

வேறுபாடு இவ்விடத்தே புலனாகும். 1979 நவம்பரிற் சான் பிரான்சிஸ்கோ வோர்பீல்ட் அரங்கில் 14 இரவுகள் பாடியபோது, பழைய பாடல் ஒன்றேனும் அவர் பாடினாரல்லர். பாடல்களுக்கிடையே பிரசங்கமுஞ் செய்தார். அவையோர் சிலர் கூச்சலிட்டனர். சொல்வளம் முன்னையதே, பார்வோனும் யூதாசும் வந்த அதே நூலே ஊற்று. மாறியது அவையோடு கொண்ட உறவு. வினாவை அவைக்கு விட்டவர் விடையோடு வந்து நின்றார். அவ்விடைப் பாடல்களுள்ளும் உயர்ந்தன உள; அவற்றைப் பழித்தல் முறையன்று. ஆனால் 1964ஆம் ஆண்டுக் கச்சேரியை அவற்றுக்கு முன்னுரையாக்கிக் கேட்பவர், அவ்விரவின் சிரிப்பைக் கேளாதவராவர்.

1980 நவம்பரில் அதே வோர்பீல்ட் அரங்குக்கு மீண்டபோது, புதிய பாடல்களோடு பழையவற்றையும் டிலன் சேர்த்துப் பாடினார். தம் முன்னைக் குரலை அவர் விலக்கிவைத்திருந்தது ஓராண்டளவே.