ரோல் போடாத கை

பல்லவி முடிந்து சரணத்துக்குள் நுழையும் அந்த ஒரு பாரில் நாகல் நகர்க்காரர் ரோல் போடுவதில்லை. திண்டுக்கல் மெல்லிசை மேடைகளைத் தொடர்ந்து கேட்டு வருகிறவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும், பெயர் வேண்டாம். நான்காவது அடியில் ஸ்னேரிலிருந்து டாம்களுக்கு உருண்டு இறங்கி, அடுத்த பாரின் முதல் அடியில் கிராஷை அறைந்து, பாடகரை உள்ளே தள்ளிவிடுவதுதான் ஊர் வழக்கம். இவர் அந்த இடத்தில் கையைத் தூக்கிவிடுகிறார். கிக் இரண்டு முறை விழுகிறது. ஹை-ஹேட் ஒருமுறை திறந்து மூடுகிறது. அவ்வளவுதான், பாட்டு சரணத்தில் இருக்கிறது.

ரவுண்டானாப் பக்கத்து டீக்கடைகளில் இதற்கு இரண்டு தீர்ப்புகள் சொல்கிறார்கள். ஆளுக்குக் கை ஓய்ந்துவிட்டது என்பது ஒன்று. இங்கிலீஷ் ராக் கேட்டு வளர்ந்த ஆள், அலட்டிக்கொள்ளாமல் வாசித்தால்தான் ஸ்டைல் என்று நினைக்கிறார் என்பது இன்னொன்று. முதல் தீர்ப்பைத் தள்ளிவிட அதிக நேரம் வேண்டாம். சிக்ஸ் எய்ட் பாட்டுகளில் அவருடைய இடது கையை மட்டும் பாருங்கள். பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்னேரின் மேல் அவர் உதிர்க்கும் மெல்லடிகளைக் கை ஓய்ந்தவர் யாராலும் போட முடியாது. இரண்டாவது தீர்ப்புதான் ஆபத்தானது. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எந்தப் பாதி என்பதை எல்லோரும் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

தெருவிலிருந்து தொடங்குவோம். நம் கச்சேரிகள் அரங்கத்தில் நடப்பதில்லை. இரண்டு பக்கமும் கடைகளும் மாடி வீடுகளும் நெருக்கிக்கொண்டு நிற்கும் தெருவில், ஒரு முனையை அடைத்து மேடை போடுகிறோம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மேடைக்கு எதிரே 20 மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தால், அடித்த அடி போய் மோதித் திரும்பி வர ஒன்பதில் ஒரு பங்கு நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் ஒரு பாட்டில், ரோலின் ஒவ்வொரு சிற்றடிக்கும் இடையே இருப்பது எட்டில் ஒரு பங்கு நொடி. சுவர் திருப்பி அனுப்பும் அடி, அடுத்த அடியின் காலில் வந்து மிதிக்கிறது. அதையே இரட்டிப்பு வேகத்தில் உருட்டினால் எது கை அடித்தது, எது சுவர் அடித்தது என்று யாருக்கும் தெரியாது. போதாததற்குத் தெரு நெடுக கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். அவையெல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கும். கடைக்கோடியில் நிற்பவருக்குப் பக்கத்து ஒலிபெருக்கி முதலில் கேட்கும், மேடைச் சத்தம் பிறகு வரும். மேடை ஓரத்தில் நின்று கைதட்டுகிற நண்பர்களுக்கு மட்டுமே அந்த அழகான ரோல் ரோலாகக் கேட்கிறது. தெருவில் நிற்கும் ஆயிரம் பேருக்கு அது வெறும் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் சரணத்தின் முதல் சொல் காணாமல் போகிறது.

கச்சேரி முடிந்து வண்டியில் சாமான் ஏற்றும்போது கீபோர்டு வாசிக்கும் பையன் அவரிடம் கேட்டான்: "அண்ணே, அந்த எடத்துல ஒரு ரோல் போட்டிருக்கலாம்ல?" அவர் சொன்ன பதில்: "போட்டா ரெண்டு தடவ கேக்கும்டா தம்பி." இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. அவர் கையைத் தூக்கும் அந்தக் கணத்தில் சும்மா இருப்பதில்லை. தன்னுடைய முந்தைய அடி தெருவிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அது வந்து சேர்ந்த பிறகே அடுத்ததை வைக்கிறார்.

இந்தக் காது அவருக்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் அந்தப் பாதி உண்மை. ஆமாம், ராக்கிலிருந்தும் வந்தது. 1991-ல் ஸ்டார் டி.வி.யோடு எம்.டி.வி. நம் வீடுகளுக்குள் கேபிள் வழியே நுழைந்தபோது பள்ளியில் இருந்த தலைமுறை அவருடையது. 1970, 71-லேயே சிம்லா பீட் போட்டி இந்திய ராக் குழுக்களை இசைத்தட்டில் ஏற்றிவிட்டது; 1993-ல் அலகாபாத்திலிருந்து ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் வரத் தொடங்கியது. ஆனால் பெருநகரக் கல்லூரி விழாக்களில் கிடைத்த சூழல் திண்டுக்கல்லில் இல்லை. கேட்ட கேசட்டையே திரும்பத் திரும்பக் கேட்பதுதான் இங்கே பாடம். கைவசம் குறைவாக இருந்ததால் ஆழமாகக் கேட்டார்கள். வேகமான கையைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர். இவர் பிடித்துக்கொண்டது அறையை.

ராக்கின் பெரிய ரகசியமே அறைதான் என்று நான் நினைக்கிறேன். 1971 நவம்பரில் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் இசைத்தட்டின் கடைசிப் பாட்டு, டிரம்ஸ் வாசிக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். இங்கிலாந்தின் ஹேம்ப்ஷரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படியின் மேலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்த டிரம்மர் அங்கே வித்தை காட்டவில்லை. அடிக்கும் அடிக்கும் நடுவே கட்டடம் பேச இடம் விட்டார். அந்தப் பாட்டை நகல் எடுக்கிறவர்கள் அடியை நகல் எடுக்கிறார்கள். நம் ஆள் அந்த இடைவெளியைக் கற்றுக்கொண்டு, ஹேம்ப்ஷர் கூடத்துக்குப் பதிலாக நம் தெருவுக்கு அதைப் பொருத்தினார். இதைப் போய் வெள்ளைக்காரப் பாணி என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

டிரம் செட்டையே அந்நியம் என்று ஒதுக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ராணுவ பேண்டில் இரண்டு மூன்று பேர் வாசித்ததை ஒரே ஆள் உட்கார்ந்து வாசிக்க வழி செய்தது கால் பெடல். சிகாகோவில் லுட்விக் சகோதரர்கள் 1909-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஆரம்பகால டாம்கள் சீன முரசுகள். சிம்பலின் பேர்போன பட்டறை இஸ்தான்புல்லில் இருந்தது. பல ஊர்ச் சரக்கு சேர்ந்த வாத்தியம் அது. அதே ராணுவ பேண்டின் வாரிசாக நம் கல்யாணத்திலும் சாவிலும் பேண்டு செட் பல தலைமுறையாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது.

தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் அவருக்கு இந்தத் தாளம் என்று சிலர் எழுதுகிறார்கள். நாகல் நகர் சௌராஷ்டிர நெசவாளர்களின் பகுதி. காலால் மிதித்து, ஒரு கையால் நாடாவை ஓட்டி, மறுகையால் ஊடையை நெருக்குகிற வேலை கைகாலைப் பிரித்து இயக்கப் பழக்கும் என்பது சரிதான். ஆனால் எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. தறி நிற்காமல் ஓடினால்தான் அழகு. இவருடைய பலமோ நிற்பதில் இருக்கிறது. நான் உருமியைச் சொல்வேன். திண்டுக்கல் மாவட்டம் உருமி கேட்டுப் பழகிய மண். தேவராட்டத்துக்கு ஒலிக்கும் தேவதுந்துபியும் அதே குடும்பம்தான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து இழுக்கும் அந்த உறுமல் தெருவை நிரப்பும்போது, கைதேர்ந்த உருமிக்காரர் அது அடங்குகிற வரை அடுத்த அடிக்கு அவசரப்பட மாட்டார். கேசட்டில் கேட்டதும் ஊர்வலத்தில் கேட்டதும் இவருக்குள் ஒன்றாகிவிட்டன.

இனி நடக்கப்போவது பற்றி. அடுத்த ஐந்து ஆண்டுகளில் நம் குழுக்கள் எல்லாம் காதுக்குள் இன்-இயர் மாட்டி, கிளிக் போட்டு வாசிக்கத் தொடங்கிவிடும். தாளம் பிசகாது, அது லாபம். நஷ்டம் என்னவென்றால், டிரம்மருக்குத் தெரு கேட்காது. அவர் காதுக்குள் ரோல் துல்லியமாக இருக்கும், அதனால் ரோல்கள் பெருகும். டிரினிட்டி எட்டாம் கிரேடு முடித்து மேடைக்கு வரும் பிள்ளைகள் முதல் இரண்டு மூன்று வருடம் கற்றதையெல்லாம் கொட்டுவார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதி இறுக இறுக, நேரம் சுருங்கி, பாட்டுகளை ஒட்டவைக்கும் மெட்லிகள் கூடும். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு ரோல் என்று ஆகிவிடும்.

பிறகு திரும்பும். முதலில் திருந்தப்போவது சவுண்ட் என்ஜினியர்கள். தூரத்து ஒலிபெருக்கிகளைத் தாமதப்படுத்தி மேடையோடு ஒட்டவைக்க அவர்கள் கற்றுக்கொள்வார்கள். அப்போது யாருடைய அடி கலங்குகிறது, யாருடைய அடி தெளிவாக நிற்கிறது என்று கடைக்கோடியில் நிற்பவருக்கும் தெரிந்துவிடும். இன்-இயரில் ஒரு பக்கத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு வாசிக்கும் டிரம்மர்கள் வருவார்கள், அவர்களைத்தான் குழுக்கள் தேடும். பேஸ் கிடார்காரர்கள் ஒரே வருடத்தில் பின்தொடர்வார்கள். கிக் நின்ற இடத்தில் தனியாக ஓடிக்கொண்டிருக்க அவர்களால் முடியாது. கீபோர்டு கடைசியில்தான் மாறும். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவையொட்டி நடக்கும் கச்சேரிகளிலேயே இதன் தொடக்கத்தைக் கேட்கலாம் என்பது என் கணிப்பு. நம் ஆள் இந்த முறை கிக்கையும் ஒன்றாகக் குறைப்பார்.