பேசாலைக் கரையும் அறுபட்ட திரையும்

ஒரு கலைப்படைப்பைக் கொல்வதற்குத் தணிக்கையாளரின் கத்தரிக்கோல் எப்போதும் தேவைப்படுவதில்லை. அதைத் திரையிட அரங்கு தராமல் விடுவதும், தந்த அரங்கிலிருந்து விரைவில் இறக்கிவிடுவதும் போதும். ஈழத்துத் தமிழ்த் திரைப்படத்தின் குறுகிய வரலாறு இதற்குச் சான்று. 1970களின் பிற்பகுதியில் எழுந்த ஒரு சிறு அலை, தன் வலிமையை முழுமையாகக் காட்டுமுன்னரே அடங்கிப்போயிற்று. அவ்வலை மன்னார்க் கரையையும் தொட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்தது. நெடுந்தீவுக் கரைக்குப் பருவத் தொழிலுக்காக வந்து வாடியமைக்கும் மீனவர்களும், அவ்வூர் மக்களும், அவர்களிடையே முளைக்கும் காதலும் பகையுமே அதன் பொருள். செம்பியன் செல்வனின் உரையாடலுடன், பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் அது 1978இல் திரைப்படமாயிற்று. ஏ. ஈ. மனோகரன், இந்திரகுமார், கே. எஸ். பாலச்சந்திரன், சந்திரகலா, ஆனந்தராணி முதலியோர் நடித்தனர். படப்பிடிப்புக்குக் களமாக அமைந்தது மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள பேசாலை.

நெடுந்தீவின் கதைக்குப் பேசாலை எவ்வாறு பொருந்தியது? இரு கரைகளையும் ஒரே வாடைக்காற்றே ஆள்கிறது. வள்ளமும் வலையும் கருவாடு காயும் மணலும் இரண்டிடத்தும் ஒன்றே. சம்மாட்டிக்கும் கூலிக்கு வலையிழுப்பவனுக்கும் இடையிலுள்ள தூரமும் ஒன்றே. நகரத்துக் கலையகத்தில் அட்டையால் கட்டிய குடிசையை விடுத்து உழைப்பாளரின் கரைக்கே படக்கருவியைக் கொண்டு சென்றமை, அக்காலத்தில் சிறிய செயலன்று. அதே வேளையில் ஒரு குறையையும் சுட்ட வேண்டும். காதலும் போட்டியும் முன்னணிக்கு வரும் இக்கதையில், வள்ளம் யாருடையது, பிடித்த மீனின் விலையை நிர்ணயிப்பவர் யார் என்ற வினாக்கள் பின்னணிக்குத் தள்ளப்படுகின்றன. கடற்கரை வாழ்வைக் காட்டுவது முதற்படி. அவ்வாழ்வின் உறவுகளைத் திறந்துகாட்டுவது அடுத்த படி.

அந்த அடுத்த படியில் கால்வைத்த படம் ஓராண்டு முன்னரே வந்துவிட்டது. சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு, 1977இல் யாழ்ப்பாணத்தைக் களமாக்கி அளித்த ‘பொன்மணி’ அது. சாதி வரம்பை மீறிக் காதலித்த பெண்ணுக்குச் சமூகம் அளிக்கும் தண்டனையை ஆரவாரமின்றி அது முன்வைத்தது. அரங்குகளில் அப்படம் நீடிக்கவில்லை, விரைவிலேயே அகற்றப்பட்டது. பின்னாளில் திரைப்பட ஆர்வலர்கள் அதனைத் தேடித் தேடிப் பார்த்தனர். ஈழத்துத் தமிழ்ப் படங்களுள் முதன்மையான ஒன்றாகப் போற்றினர். ஆயினும் காலந்தாழ்ந்து வந்த புகழால், அடுத்த படத்துக்கு முதலீடு திரட்ட முடிவதில்லை.

‘மக்கள் விரும்பவில்லை, ஆகவே இறக்கினோம்’ என்று கூறுவது எளிது. தமிழகத்திலிருந்து வந்த படம் தன் செலவை அங்கேயே பெரும்பாலும் மீட்டுக்கொண்டு, மேலதிக இலாபத்துக்காக இங்கு வந்தது. ஈழத்துப் படமோ, நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினரான தமிழ்பேசும் மக்களிடமிருந்தே முழுச் செலவையும் மீட்க வேண்டியிருந்தது. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களால் பழக்கப்பட்ட இரசனையுடன் அது முதல் வாரத்திலேயே போட்டியிட வேண்டும். 1972இல் நிறுவப்பட்ட அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கையில் எடுத்தது. இறக்குமதி கட்டுப்பட்ட அச்சூழலில்தான் இச்சிறு அலையும் எழுந்தது. ஆனால் இரசனை ஆணையால் மாறுவதில்லை. காலமும் விமர்சனமும் வேண்டும். அவ்விரண்டும் இப்படங்களுக்கு வாய்க்கவில்லை. தமிழகப் படங்களைப் பின்பற்றிய ஈழத்துப் படங்களும் பல வந்தமையால், பார்வையாளரின் நம்பிக்கையும் தளர்ந்தது.

பின்னர் வந்தது 1983 ஜூலை. தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளைக் கலையகம் தீயிடப்பட்டது. படச்சுருள்கள் பல சாம்பலாயின. சந்தை தொடங்கிய வேலையை இனவெறி முடித்துவைத்தது. மன்னார்க் கரையும் தப்பவில்லை. 1990 ஒக்டோபரில் மன்னாரின் முஸ்லிம் மக்கள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவருடனும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2006 ஜூனில் பேசாலையின் வெற்றி அன்னை ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் தாக்கப்பட்டனர். போருக்கு முந்திய அக்கரையைப் படம்பிடித்த ஒரு திரைப்படம், இன்று கதை என்ற எல்லையைக் கடந்து வரலாற்றுச் சான்றாகவும் நிற்கிறது.

மன்னார் மக்கள் கலைக்கு அந்நியர் அல்லர். வடபாங்கு, தென்பாங்கு என இரு வகைக் கூத்துகளைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியவர்கள் அவர்கள். பேசாலையின் உடக்குப் பாஸ் எந்த விநியோகத்தரையும் நம்பி வாழ்ந்ததில்லை. ஊரே அதன் தயாரிப்பாளர், ஊரே அதன் அரங்கு. திரைப்படம் மூலதனத்தை வேண்டும் கலையாதலால், அவ்வழி அதற்கு முழுமையாகப் பொருந்தாது. எனினும் கலையைக் காப்பது அதனைச் சூழ்ந்த சமூகமே என்னும் பாடம் இரண்டுக்கும் பொது.

ஆசிரியரும் மாணவரும் இப்பாடத்தைச் செயலாக்க முடியும். எஞ்சியிருக்கும் படச்சுருள்களைத் தேடுவதும், பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் அவற்றைத் திரையிட்டு விவாதிப்பதும், அன்று பணியாற்றிய கலைஞர்களின் நினைவுகளைப் பதிவுசெய்வதும் நம் கடமையாகும். முதல் வார வசூலின் தீர்ப்பே இறுதித் தீர்ப்பென்று ஏற்கும் சமூகம், தன் முகத்தைப் பிறர் கண்ணாடியிலேயே என்றும் பார்த்துக்கொண்டிருக்கும்.